வில்லைக்கு அடியில் ஏன் கோடு

போன வாரம் நம் ஆராய்ச்சிப் பண்ணையின் கிழங்குக் கொட்டகைக்கு வந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்த நீங்கள் நால்வரும் அங்கே இருந்தீர்கள். தட்டுகளின் மேல் கிடந்த பீங்கான் வில்லைகளில் ஒன்றை எடுத்துப் பார்த்த ஒருவர், "எல்லா நம்பருக்கும் அடியில கோடு போட்டிருக்காங்களே, எதுக்கு? இருபத்து மூணத் தலைகீழாப் புடிச்சா தெரியாதா?" என்று சிரித்தார். நான் பதில் சொல்லவில்லை. அதற்கு மூன்று காரணங்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. வடக்குச் சன்னல் வலை இரண்டு இடங்களில் கிழிந்திருந்தது என் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது, அந்தப் பதில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடியதல்ல. ஆகவே எழுதி அனுப்புகிறேன். வலையைத் தைத்துவிட்டீர்களா? அணில் வரும்.

வழக்கமான வேலைகளைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அவை கையேட்டில் இருக்கின்றன, அறுபத்திரண்டு பக்கம். கையேட்டில் இல்லாத ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

கருணைக் கிழங்கு என்று நாம் இங்கே சொல்வதைத் தெற்கே போனால் சேனை என்பார்கள். வயலில் விளைவது, வேலியோரம் தானாக முளைப்பது, மலையடிவாரத்தில் யாரும் தொடாமல் கிடப்பது என அந்த இனத்தில் பல வகை. தொண்டையைப் பிடித்து உலுக்கும் ஒரு கிழங்குக்குக் கருணை என்று பெயர் வைத்தவர் யாரோ, நகைச்சுவை தெரிந்தவர். ஓய்வு பெறும்வரை அதனுடன் இருபத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதன் குணங்களில் நம்மை மாட்டிவிடுவது ஒன்றுதான்: ஆண்டில் பாதி நாள் அது தரைக்கு மேல் இருப்பதே இல்லை.

நான் சேர்ந்த முதல் தை மாதம். முப்பத்தொரு தொட்டிகளில் இலை மஞ்சளாகி, மடங்கி, ஒன்றுமில்லாமல் போனது. நான் பதிவேட்டில் 'இறந்தவை 31' என்று எழுதினேன். அப்போது எங்களுக்குத் தலைவராக இருந்தவர் (தன் பெயர் எங்கும் அச்சாவது அவருக்குப் பிடிக்காது, அதனால் விட்டுவிடுகிறேன்) அதைப் படித்தார். என்னைத் தொட்டிகளிடம் கூட்டிக்கொண்டு போனார்.

"கைய வுட்டுப் பாருங்க."

விட்டேன். உள்ளே கல் மாதிரிக் கிழங்கு. முப்பத்தொன்றிலும் விடச் சொன்னார். முப்பத்தொன்றிலும் கிழங்கு. இலை போனால் கருணை தூங்குகிறது என்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். பட்டம் வாங்கி வந்தவனுக்குத் தெரியவில்லை.

அவர் என் வரியை அடிக்கவில்லை. பக்கத்தில் பென்சிலால் 'தெரியவில்லை' என்று எழுதினார். "தெரியலன்னா இப்படித்தான் எழுதணும். கேள்விக்குறி போட்டுத் தப்பிக்காதீங்க. ஆறு எழுத்தையும் முழுசா எழுதுங்க," என்றார்.

எண்ணிப் பார்த்தேன். ஆறுதான்.

இலை இருக்கும்போது கருணையை அடையாளம் காண்பது எளிது. தண்டைப் பார்த்தால் போதும், ஒன்றில் வெள்ளைத் திட்டு, ஒன்றில் பாம்புத்தோல் மாதிரிப் புள்ளி, ஒன்றில் சொரசொரவென்று முள்மாதிரிப் புடைப்பு. தூங்கும்போது எல்லாம் மண்ணுருண்டை. அப்போது அது யார் என்று சொல்ல அதன் எண்ணைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அந்த எண்ணை நாங்கள் தகரத்தில் எழுதினோம், துரு தின்றது. பிளாஸ்டிக்கில் எழுதினோம், ஒரு கோடை தாங்கவில்லை. பீங்கான் ஊரில் உட்கார்ந்துகொண்டு ஏன் இப்படி அவதிப்படுகிறோம் என்று ஒருநாள் எனக்குத் தோன்றியது. விருத்தாசலத்தில் பொம்மை செய்யும் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன். அங்கே பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தவர் குணசுந்தரி. வேலை எல்லாம் அவர் பொறுப்பில்தான் நடந்தது.

நடுவில் துளை வைத்த வட்ட வில்லைகள் வேண்டும் என்றேன். ஒன்று முதல் நூறு வரை. பாத்தி முனையில் இரும்புக் கம்பி நட்டு, அதில் வில்லையைக் கோத்துவிடுவது என் திட்டம். கிழங்கைத் தோண்டியதும் அதே வில்லை அதனுடன் கொட்டகைத் தட்டுக்குப் போகும்.

"நடுவுல தொள வச்சா சுத்துமே சார்," என்றார் குணசுந்தரி. "ஆறுக்கும் ஒம்பதுக்கும் அடியில கோடு போட்டுடட்டா? கோயில் செருப்பு டோக்கனுக்கு அப்படித்தான் போட்டுக் குடுத்தோம். செருப்பு மாறிட்டா சனங்க சண்டைக்கு வந்துடுவாங்க."

"கோடு போட எத்தனை நாளாகும்?"

"நாளைக்குச் சூளை ஏத்துறோம். கோடு போடணும்னா அடுத்த சூளைதான். எட்டு நாளு ஆவும்."

எங்களுக்கு அறுவடை தொடங்கிவிட்டிருந்தது. "வேணாம்மா. இது செருப்பில்ல. பாக்கறவங்க எல்லாம் படிச்சவங்க," என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பேன் என்பதற்கு மட்டும் என்னிடம் கணக்கில்லை. வில்லைகள் வந்தபோது மூன்று முறை எண்ணினேன். நூறும் இருந்தன. எண்ண வேண்டியது அதுவல்ல. நூறு வில்லைகளில் எத்தனை தலைகீழாகத் திருப்பினால் வேறொரு எண்ணாகும் என்பதைத்தான் எண்ணியிருக்க வேண்டும். பதினான்கு. ஏழு ஜோடி. ஆறும் ஒன்பதும், பதினாறும் தொண்ணூற்றொன்றும், பதினெட்டும் எண்பத்தொன்றும், இப்படி. அதில் ஒரு ஜோடி அறுபத்தெட்டும் எண்பத்தொன்பதும்.

அறுபத்தெட்டு ஷமீமாவுடையது. ஆமாம், இன்று உங்கள் விடுப்பு விண்ணப்பங்களில் கையெழுத்துப் போடும் ஷமீமா மேடம்தான். அப்போது அவர் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வந்திருந்த ஆய்வாளர். மங்கலம்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வேப்பூர் பக்கத்தில் ஒரு விவசாயி வீட்டில் சாப்பிட்டபோது, அந்த வீட்டு அம்மா, "எங்க வூட்டுக் கருணைக்குப் புளியே போட மாட்டோம், அரிக்காது," என்று சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொடங்கிய வேலை அவருடையது. கருணைக்குப் புளி போடாத வீடு உண்டா? புளியும் அரிசி கழுவிய தண்ணீரும்தானே அந்த அரிப்பை அடக்குகின்றன? வேலியோரத்தில் இருந்த அந்தக் கிழங்கைக் கொண்டுவந்து, மூன்று பருவம் பெருக்கி, ஒவ்வொரு பருவமும் வெறும் உப்பில் வேகவைத்துப் பலருக்குக் கொடுத்துப் பார்த்தார். அரிக்கவில்லை.

எண்பத்தொன்பது இன்னொரு ஜாதி. ஒரு கல்குவாரி ஓரத்திலிருந்து நான் எடுத்து வந்த காட்டுக் கருணை. தோண்டும்போதே கை எரியும்.

அந்த மாசி மாதம் மதிப்பீட்டுக் குழு வந்தது. மூன்று பேர். உப்பில் வெந்த கிழங்கைச் சாப்பிட்டுப் பார்த்து அவர்கள் ஒப்புக்கொண்டால், சித்திரையில் பன்னிரண்டு விவசாயிகள் வயலில் அறுபத்தெட்டு இறங்கும், ஷமீமாவின் ஒப்பந்தமும் நீளும். இல்லையென்றால் பங்குனியோடு அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

குழு வருகிறது என்றதும் எனக்குச் சுத்தப் பைத்தியம் பிடித்தது. அலமாரிகளில் பதினொரு இடத்தில் கறை இருந்தது. முதல் நாள் எல்லாத் தட்டுகளையும் கீழே இறக்கச் சொல்லிச் சுண்ணாம்பு அடிக்கவைத்தேன். யாரும் கேட்காத வேலை. அலமாரியில் இருந்த வரை வரிசையே அடையாளமாக இருந்தது. தரைக்கு வந்ததும் வில்லை மட்டும்தான் மிச்சம்.

மறுநாள் காலை எட்டரை மணிக்குத் தட்டுகளை மேலே ஏற்றினோம். எங்கள் வயல் பணியாளர் பாக்கியம் தட்டை எடுத்துக் கொடுக்க, ஷமீமா எண்ணை வாசிக்க, நான் நோட்டில் டிக் அடித்தேன்.

"அறுபத்தெட்டு," என்றார் ஷமீமா.

"அது ஏற்கெனவே வந்துடுச்சும்மா. நாலாவது தட்டு."

"இல்ல சார், இது அறுபத்தெட்டுதான்."

"எண்பத்தொம்பது வந்துச்சா?"

"வரல."

பாக்கியம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஷமீமாவின் கையிலிருந்த வில்லையை வாங்கி, தன் உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சுற்றினார். "இந்தாங்க சார், ஒங்க எம்பத்தொம்பது."

இரண்டு தட்டு. இரண்டிலும் ஒரே அளவுக் கிழங்குகள், ஒரே நிறம். இரண்டின் மேலும் அறுபத்தெட்டு. இரண்டில் ஒன்று திரும்பியிருக்கிறது. எது?

எனக்கு உடனே ஒரு வழி தோன்றியது. எழுதிய கைக்கு எழுத்தின் தலையும் காலும் தெரியுமே. இரண்டு வில்லைகளையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்துப் பட்டறைக்குப் போனேன். எது எந்தத் தட்டுடையது என்று தெரிய ஒன்றில் நூல் கட்டிக்கொண்டேன், அந்த அளவுக்காவது புத்தி இருந்தது.

குணசுந்தரி இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"பிரஷ்ல எழுதியிருந்தா கண்ணாலேயே சொல்லிடுவேன் சார். நம்பருக்கெல்லாம் ரப்பர் அச்சு. அதுலயும் எங்ககிட்ட ஒம்பது அச்சு கெடையாது. ஆறத் திருப்பிப் போட்டா ஒம்பது."

"எட்டு?"

"எட்டுக்கு ஏது சார் தல, காலு?" வில்லைகளை என் கையில் வைத்தார். "செருப்புக்குக்கூடக் கோடு போட்டோம். நீங்கதான் படிச்சவங்கன்னு சொன்னீங்க."

திரும்பி வந்தபோது மணி ஒன்பது ஐம்பது. குழு பதினொன்றுக்கு வரும். ஷமீமா நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். தன் மனத்துக்குப் பட்ட தட்டை ஏற்கெனவே மேசை மேல் வைத்திருந்தார். நூல் கட்டாத வில்லையுடைய தட்டு.

"இதுதான்னு தோணுது சார். ஏன்னு சொல்லத் தெரியல."

"ரெண்டுலயும் ஒரு துண்டு வேகவைப்போம். நான் சாப்பிட்டுப் பாக்கறேன்," என்றேன்.

பாக்கியம் அடுப்பைப் பற்றவைத்தார். வெந்ததும் முதல் துண்டை வாயில் போட்டுக்கொண்டு எண்ணினேன். நூற்றிருபது வரை ஒன்றுமில்லை. வாயைக் கொப்புளித்துவிட்டு இரண்டாவது. நூற்றிருபது வரை அதுவும் ஒன்றுமில்லை. நாக்கின் நுனியில் ஏதோ ஒன்று, அது கிழங்கா பயமா என்று சொல்ல முடியாது.

"சார் நாக்கு தேஞ்ச செருப்பு மாதிரி. இருவது வருசமா இதத்தான தின்றாரு," என்றார் பாக்கியம். அன்று காலை செருப்பு என்னை விடுவதாக இல்லை. "அதுவுமில்லாம, ஒரு மாசம் வெளிய கெடந்த கெழங்கு. காட்டுக் கருணகூடக் கொஞ்சம் அடங்கியிருக்கும்."

சரியாகச் சொன்னார். இருப்பில் கிடக்கக் கிடக்க அரிப்புக் குறையும். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. எந்தத் தட்டை வைத்தாலும் இன்றைய பரீட்சை தாண்டிவிடும்.

பாக்கியமும் அதையே யோசித்திருக்க வேண்டும். அடுப்பைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்: "கொஞ்சூண்டு புளித் தண்ணி வுட்டா எந்தப் பயமும் இல்ல சார். மூணு பேரும் சாப்ட்டுட்டு ஏப்பம் வுட்டுட்டுப் போயிடுவாங்க. பொண்ணு வேலையும் நெலைக்கும். அப்புறம் மழ வந்து தண்டு வுட்டதும், எது எதுன்னு பாத்து மாத்திக்கலாம்."

உங்களிடம் மறைக்க மாட்டேன். புளி வேண்டாம் என்று அந்த இடத்தில் நான் சொல்லவில்லை. மனம் கணக்குப் போட்டது: இரண்டில் ஒன்று சரி, அவர் மனத்துக்குப் பட்டதும் இது, மூன்று பருவ உழைப்பு, தவறு அவருடையதல்ல, வில்லையும் சுண்ணாம்பும் என்னுடையவை. எல்லாக் கணக்கும் புளிப் பக்கமே சாய்ந்தது. சித்திரையில் வயலுக்குப் போகிற கிழங்கு தண்டு விடும்வரை காத்திருக்காது என்பதை மட்டும் அந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. வேண்டுமென்றே சேர்க்கவில்லை.

ஷமீமா என்னைப் பார்த்தார். "சார், இது அறுபத்தெட்டுன்னு எழுதி நீங்க கையெழுத்துப் போடுவீங்களா?"

பேனா பையில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை.

"அப்ப வேணாம் சார்," என்றார். "அந்தம்மா புளியே போடாத கெழங்குன்னுதான் நம்பிக் குடுத்தாங்க. பாக்கியம்மா, அடுப்ப நிறுத்திடுங்க."

பதினொன்று ஐந்துக்கு ஜீப் வந்தது. குழுத் தலைவர் உட்கார்ந்து கைக்குட்டையால் முகம் துடைக்கும் முன்பே ஷமீமா சொல்லிவிட்டார். முன்னுரை இல்லை, அழுகை இல்லை. இரண்டு தட்டையும் முன்னால் வைத்து, வில்லையைச் சுற்றிக் காட்டினார். இடையில் புகுந்து, கோடு வேண்டாம் என்றவன் நான், தட்டுகளை இறக்கச் சொன்னவனும் நான் என்றேன். குழுத் தலைவர் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"எதும்மா அறுபத்தெட்டு? ஒங்களுக்கு என்ன தோணுது?"

"தோணுது சார். ஆனா தெரியல."

அவர் கொஞ்ச நேரம் வில்லையைச் சுற்றிக்கொண்டிருந்தார். "கோப்ப மூட வேணாம். அடுத்த மாசிக்கு வரோம்," என்றார். டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். பதிவேட்டில் அந்த இரண்டு தட்டுக்கும், மாறியிருக்கக்கூடிய மற்ற பன்னிரண்டுக்கும் எதிரே 'தெரியவில்லை' என்று எழுதினேன். பதினான்கு முறை, ஆறு எழுத்தும் முழுசாக. எழுதும்போதுதான் இன்னொன்றும் உறைத்தது: இரண்டு வில்லையில் ஒன்று திரும்பியதால் எங்களுக்குத் தெரிந்தது. இரண்டும் திரும்பியிருந்தால் அறுபத்தெட்டும் இருந்திருக்கும், எண்பத்தொன்பதும் இருந்திருக்கும், நான் நிம்மதியாக நூறு டிக் அடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். எண்ணிக்கை சரியாக வந்துவிட்டால் எல்லாம் சரி என்று நம்புவதை அன்றோடு விட்டேன். எண்ணுவதை விடவில்லை.

பங்குனியில் ஷமீமாவின் ஒப்பந்தம் முடிந்தது. மங்கலம்பேட்டையில் ஒரு பள்ளியில் பாடம் நடத்தப் போனார். ஆனால் சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்துவிடுவார். நூல் கட்டிய தட்டின் கிழங்குகளை நூல் கட்டிய தொட்டிகளிலும், மற்றதைத் தனியாகவும் நட்டு வைத்தோம். சித்திரை, வைகாசி முழுக்க வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பதினொரு சனிக்கிழமைகள்.

"என்ன சார், எந்திரிச்சுதா?" என்பார் வாசலிலேயே.

"தூங்குதும்மா. இடைஞ்சல் பண்ணாத," என்பார் பாக்கியம்.

ஆனியில் ஒரு மழை பெய்தது. பன்னிரண்டாவது சனிக்கிழமை எல்லாத் தொட்டியிலும் ஒரு சாண் தண்டு. நூல் கட்டிய தொட்டிகளில் தண்டு சொரசொரவென்று முள்ளாக இருந்தது, கல்குவாரிக் கருணை. நூல் கட்டாததில் வழவழப்பான தண்டு, அகலமான வெள்ளைத் திட்டு. அறுபத்தெட்டு.

ஷமீமாவின் மனத்துக்குப் பட்ட தட்டு. மேசை மேல் அவர் எடுத்து வைத்திருந்த அதே தட்டு.

"அன்னைக்கே அத வேகவச்சிருக்கலாம்மா. ஒரு வருசம் வீணாப் போச்சு," என்றேன்.

அவர் தண்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்குத் தெரியாதே சார். இன்னைக்குத்தான தெரியுது."

அன்று மாலையே பட்டறைக்குப் போய் நூறு வில்லைகள் சொன்னேன். எல்லா எண்ணுக்கும் அடியில் கோடு.

"இருவத்தி மூணுக்கு எதுக்கு சார்?" என்றார் குணசுந்தரி, உங்களைப் போலவே.

"எதுக்குக் கோடு வேணும், எதுக்கு வேணாம்னு முடிவு பண்ற வேலைய இனிமே நான் பாக்கறதா இல்லம்மா. எல்லாத்துக்கும் போட்டுடுங்க."

"எட்டு நாளு ஆவும்."

"ஆவட்டும்."

அடுத்த மாசியில் குழு வந்தது. அதே மூன்று பேர். இந்த முறை குழுத் தலைவர் அடுப்படிக்கே வந்து நின்றுவிட்டார். ஷமீமா பள்ளியில் அரைநாள் லீவு போட்டு வந்திருந்தார். அன்று காலை தோண்டிய கிழங்கு, ஒரு நாள்கூட இருப்பில் கிடக்காதது, அரிக்க வேண்டுமானால் முழு வீச்சில் அரிக்கக்கூடியது. வெறும் தண்ணீர், உப்பு.

"புளி போடல சார். சத்தியமா," என்று கேட்காமலே சொன்னார் பாக்கியம்.

குழுத் தலைவர் ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். அரிப்பு வர வேண்டுமானால் நூற்றிருபதுக்குள் வந்துவிடும். நான் மனத்துக்குள் எண்ணத் தொடங்கினேன். ஷமீமா சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முப்பது, நாற்பது. தலைவர் தொண்டையைச் செருமினார். பாக்கியம் கரண்டியை இறுக்கிப் பிடித்தார். தலைவர் தட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு கையை நீட்டினார்.

"இன்னொரு துண்டு குடுங்கம்மா."

எந்த எண்ணில் நான் எண்ணுவதை விட்டேன் என்று எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. நோட்டிலும் இல்லை. அந்த இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதி வைத்திருக்கிறேன்.